தண்ணிச்சாமி

மார்ச் 4
எங்கள் வயல் காவல்கார ஐயா முந்தநாள் விடியப்புறம் மோசம் போய்விட்டார். நேற்று எரித்தாயிற்று, கொள்ளி நான்தான் வைத்தேன். விதானையார் படிவம் நிரப்பும்போது "சொந்த இடம்?" என்று கேட்டார். அப்பா "மலையகம்" என்றார். "மலையகத்திலை எவடம்?" அப்பா என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சி வட்டக்கச்சிக்கு வந்தவர். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மார்ச் 6
அவருடைய தகரப்பெட்டியைத் திறந்தோம். இரண்டு சாரம், ஒரு டோர்ச், வங்கிப் புத்தகம். பழைய கடுதாசி எல்லாம் 2009இல் கடைசிச் சண்டைக்குள் மாத்தளனில் போய்விட்டது. அடையாள அட்டை பிறகு எடுத்தது, அதிலும் எங்கள் முகவரிதான்.

அம்மாவுக்கு ஒரே கவலை. "முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் ஒரு உரித்துக்காரரையாவது கண்டுபிடி. இல்லாட்டி ஆருக்கெண்டு சாம்பலைக் கீரிமலைக்குக் கரைக்கக் கொண்டுபோறது?" சாம்பல் முட்டி கோடிப்புறத்து மாமரத்தில் தொங்குகிறது.

மார்ச் 11
தருமபுரம் போனேன். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய சனம் அங்கே நிறைய. யாரைக் கேட்டாலும் "எந்தத் தோட்டம், எந்த டிவிசன்?" என்ற கேள்விதான் திரும்பி வந்தது. தெரிந்தாலும் லேசில்லையாம். கந்தோரில் தோட்டத்துக்கு ஒரு இங்கிலீசுப் பெயர், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனம் கூப்பிடுவது வேறு பெயர்.

கடைசியில் ஒரு பாட்டி, "அந்த மனுசன் பேச்சுவாக்குல என்னதான் சொல்லுவாரு?" என்று கேட்டார். யோசித்தேன். இரணைமடுக் குளக்கட்டில் இருந்தால் ஐயா வழமையாகச் சொல்லும் ஒரு கதை உண்டு: "எங்க ஊருக் கோயிலு தண்ணிக்குள்ள கெடக்கு தம்பி. மழ பேயாட்டிதான் வெளிய தெரியும்." பின்னேரத்தில் கொஞ்சம் போடுகிற ஆள் என்பதால் நாங்கள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. சின்ன வயதில் 'தண்ணிச்சாமி' என்று பட்டம் வேறு வைத்திருந்தோம்.

பாட்டி நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட, அது மஸ்கெலியா அய்யா!"

மவுஸாக்கலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் அப்படியே தண்ணீருக்குள் போனது. 1960களின் கடைசியில். கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். ஐயா அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பொடியனாக இருந்திருப்பார். தண்ணீர் ஏறுவதை நின்று பார்த்திருப்பார்.

மார்ச் 20
கலாசாலையில் என்னோடு படித்த ஒருவர் ஹட்டனில் ஆசிரியர். அவர் மூலம் தோட்டத் தலைவர்மார் சிலரின் இலக்கம் கிடைத்தது. இதுவரை மூன்று குடும்பம், மூன்றும் பிழை. ஒரு வீட்டில் தங்கள் ஆளைத்தான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்து அழத் தொடங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாள் யாருக்கும் எடுக்கவில்லை.

மார்ச் 24
இரவு எட்டு மணிக்கு ஒரு பெண் எடுத்தார். கொழுந்து பறிப்பவர்.
"அண்ணே, எங்க பெரியப்பாவா இருந்தா எடது கையில ஆத்தா பேரு பச்ச குத்தியிருக்கும்."

இருந்தது. நாங்கள் அதை யாரோ பழைய காதலியின் பெயர் என்றல்லவா நினைத்திருந்தோம்!

அவருடைய அப்பா, ஐயாவின் தம்பி, எட்டு வருசத்துக்கு முன் போய்விட்டாராம். அத்தை ஒருவர், மலையகச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறிக் கோத்தகிரிப் பக்கம் போனவர், பிறகு கடிதம் இல்லை. அண்ணனும் அத்தையோடு கப்பலேறிவிட்டார் என்றே தம்பி சாகும்வரை நம்பியிருக்கிறார்.

பிறகு கேட்டார், "பொதச்சீங்களா, எரிச்சீங்களா?"
"எரிச்சம், தங்கச்சி."
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நாங்க பொதைக்கிறதுதான்ணே. சரி, ஒங்களுக்குத் தெரியாதுதானே."

எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருக்கலாம். நாற்பது வருசத்துக்கு மேல் எங்கள் வளவில் இருந்த மனுசன்.

மார்ச் 27
சனிக்கிழமை அவரும் மகனும் வருகிறார்கள். இரண்டு நாள் பேரு, அதாவது நாட்சம்பளம், போகும், பரவாயில்லை என்றார். முட்டியைத் தாங்களே கொண்டுபோவார்களாம். கீரிமலைக்கு அல்ல.

அம்மா வருகிறவர்களுக்குப் பிட்டு அவிக்கவா என்று கேட்டார். ஐயா ஒருநாளும் பிட்டை விரும்பித் தின்றதில்லை, காலையில் தானே ரொட்டி தட்டிக்கொள்வார். கோதுமை மா இரண்டு கிலோ வாங்க வேண்டும்.