வொயிட்ஸ் மெஷினுக்கு இனி யார் பொறுப்பு?

போன மாதம் நியூபோர்ட் கடற்கரையில் என் மெட்டல் டிடெக்டரை ஒரு பாறையில் நன்றாக இடித்துவிட்டேன். தண்டின் அடியில் வட்டமாக இருக்கும் காயிலில் மயிரிழை போல ஒரு விரிசல். அன்றிலிருந்து கொஞ்சம் ஆட்டினாலே ஹெட்போனில் கீச் கீச் என்று ஒரே சத்தம். வேறு எந்தக் கோளாறும் இல்லை, காயிலை மாற்றினால் போதும். ஆனால் அது வொயிட்ஸ் கம்பெனியின் எம்எக்ஸ்டி மாடல். வொயிட்ஸ் எலக்ட்ரானிக்ஸ் 2020-லேயே கதவைச் சாத்திவிட்டது.

இணையத்தில் ஒருவரிடம் பழைய காயில் வாங்கினேன். வந்ததும் மாட்டிப் பார்த்தால் உயிரே இல்லை. பணத்தைத் திரும்ப வாங்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் மனதில் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில், ஹில்ஸ்பரோவில். வொயிட்ஸ் பிறந்து வளர்ந்ததும் இதே மாநிலத்தில்தான். ஸ்வீட் ஹோம் என்று ஒரு சின்ன ஊர், மரம் அறுப்பவர்களின் ஊர். 1950-ல் கென்னத் வொயிட் அங்கே கம்பெனியைத் தொடங்கியபோது செய்தது மெட்டல் டிடெக்டர் இல்லை, கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கும் கைகர் கவுண்டர். எல்லாரும் யுரேனியம் தேடி மலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேகம் தணிந்த பிறகு நாணயமும் தங்கமும் தேடும் கருவிகளுக்கு வந்தார்கள். கிட்டத்தட்ட எழுபது வருடம் அதே ஊர். நியூபோர்ட்டில் கடலை விட்டுக் கிளம்பும் 20-ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் கார்வாலிஸ், ஆல்பனி, லெபனான் என்ற ஊர்களைத் தாண்டி ஸ்வீட் ஹோம் வந்துவிடும். நான் மெஷினை ஆட்டும் மணலும் அதைச் செய்த ஊரும் ஒரே ரோட்டில். இது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

எம்எக்ஸ்டி-யை ஏன் விடமாட்டேன் என்கிறேன் என்று என் மனைவி கேட்கிறாள். ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடம் முன்பு நண்பர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தோம். வாலிபால் ஆட்டத்தில் நண்பரின் மனைவிக்கு மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. கல்யாண மோதிரம். "அண்ணா, கிடைச்சிடுமா?" என்று கேட்டபோது அவர் குரல் சரியாகவே இல்லை.

வொயிட்ஸ் மெஷினில் திரையில் ஒரு எண் வரும். மைனஸ் 95-இலிருந்து பிளஸ் 95 வரை. காயில் ஒரு காந்த அலையை மண்ணுக்குள் அனுப்புகிறது, உள்ளே இருக்கும் உலோகம் அதற்குப் பதில் அலை தருகிறது. அந்தப் பதில் எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதை வைத்து மெஷின் எண் போடும். இரும்பு என்றால் பெரும்பாலும் மைனஸ். கால் டாலர் நாணயம் 80-ஐத் தாண்டும். தங்கம்தான் சங்கடம். மெல்லிய மோதிரமும் ஐந்து சென்ட் நாணயமும் அலுமினியக் குப்பையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். அன்றைக்கு 18, 20, 19 என்று எண் ஆடிக்கொண்டே இருந்தது. அதற்குள் ஐந்து சென்ட் இரண்டும் கேன் மூடி நான்கும் தோண்டிவிட்டேன். மறுபடி 19. ஒரு சாண் ஆழத்தில் சல்லடைக் கரண்டியை இறக்கித் தூக்கினேன். மணல் எல்லாம் உதிர்ந்த பிறகு அடியில் மோதிரம் மட்டும் தங்கியிருந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அப்புறம், கம்பெனி கதை. வொயிட்ஸ் மூடிய அதே வருடம் அதன் வடிவமைப்புகளையும் காப்புரிமைகளையும் கேரட் என்ற கம்பெனி வாங்கியது. டெக்சாஸில் டல்லாஸ் பக்கம் கார்லண்ட் என்ற ஊரில் 1964-ல் சார்லஸ் கேரட் தொடங்கிய கம்பெனி. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸிலிருந்து பாதுகாப்புச் சோதனைக் கருவிகளிலும் பெரிய ஆள். சென்னையில் ஒரு மால் வாசலில் காவலர் என் மேல் தடவிய கருப்புத் தடியில்கூட அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறேன். நல்ல கம்பெனி, நல்ல கைகள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் வாங்கியது வரைபடங்களைத்தான். ஸ்வீட் ஹோம் தொழிற்சாலை திரும்பத் திறக்கவில்லை. கையால் காயில் சுற்றிய மனிதர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வரைபடங்களிலிருந்து கேரட் முதலில் கொண்டுவந்தது கோல்ட்மாஸ்டர் 24கே. 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கருவி, அரிசிக்குருணை அளவுத் தங்கத்தையும் பிடிப்பதற்கென்றே செய்தது. ஸ்வீட் ஹோமுக்குப் பக்கத்தில் குவார்ட்ஸ்வில் ஓடையில் இன்றும் ஆட்கள் தட்டு வைத்துத் தங்கம் அரிக்கிறார்கள், அவர்களுக்கு ஏற்ற கருவி. அதைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. ஆனால் மேலே இருக்கும் பெயர் கேரட். வொயிட்ஸ் என்ற பெயர் அங்கேயே நின்றுவிட்டது.

கைமாறினாலே செத்துப்போகும் என்று நான் சொல்லவில்லை. 1931-ல் தொடங்கிய ஃபிஷர் என்ற டிடெக்டர் கம்பெனி 2006-ல் எல் பாசோவில் உள்ள ஃபர்ஸ்ட் டெக்சாஸ் கைக்குப் போனது. ஃபிஷர் என்ற பெயரிலேயே எஃப்75 மெஷின் வந்தது, இன்றும் அதை வயலில் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவின் மைன்லேப்பை 2008-ல் கோடான் வாங்கியது. பத்து வருடத்தில் அவர்கள் ஈக்வினாக்ஸைக் கொண்டுவந்து, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்ணில் ஓடும் மெஷினைச் சாதாரண ஆள் வாங்கும் விலைக்கு இறக்கினார்கள். வொயிட்ஸ் தடுமாறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இத்தனைக்கும் வொயிட்ஸிடம் அந்த வித்தை முன்னாலேயே இருந்தது. வி3ஐ என்ற மாடல் 2.5, 7.5, 22.5 கிலோஹெர்ட்ஸ் மூன்றையும் ஒன்றாக ஓட்டி, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று வண்ணத் திரையில் தனித்தனிக் கோடாக வரைந்து காட்டியது. மண்ணுக்குள் இருப்பதை அவ்வளவு திறந்து காட்டிய திரையை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. அந்தத் திரையை இன்றைய எடை குறைந்த உடம்பில், தண்ணீர் புகாத பெட்டியில் போட்டுக் கொடுத்தால் மேலே எந்தப் பெயர் இருந்தாலும் நான் வாங்குவேன்.

அதற்கு முன்னால் கேரட்டிடம் எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள் உண்டு. பழைய மெஷின்களுக்குக் காயில் போடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை, முன்பணம் வாங்கிக்கொண்டு, ஐநூறு காயில் செய்தாலும் போதும். எம்எக்ஸ்டி-யும் வொயிட்ஸின் இன்னொரு பழைய மாடலான டிஎஃப்எக்ஸும் வைத்திருப்பவர்களில் பலர் வயதானவர்கள், புது மெஷின் பழக விரும்பாதவர்கள். வரைபடம் உங்கள் அலமாரியில்தானே இருக்கிறது? காப்புரிமை காலாவதியாகும். செய்முறை தெரிந்தவர்களுக்கும் வயதாகிறது.

எனக்குக் காயில் கிடைத்துவிட்டது. லெபனானில் ஒரு பெரியவர், 20-ஆம் எண் சாலையிலேயே வீடு. கராஜில் பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தார். அவருடைய மெஷின் போய்விட்டதாம், காயில் மட்டும் மிச்சம். என் எம்எக்ஸ்டி-யைக் கையில் வாங்கி, அவரே கேபிளைத் தண்டில் சுற்றி, திருகை இறுக்கினார். எட்டு பேட்டரியும் புதிதாகப் போட்டோம். சட்டைப்பையிலிருந்து ஒரு கால் டாலரை எடுத்துப் புல்லில் போட்டார். காயிலை மேலே ஓட்டினேன். 83. கீச் சத்தம் இல்லை. அவர் ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டு, "இன்னொரு தரம் ஓட்டு" என்றார்.