15,000 ரூபாய்க்குள் ஒரு ப்ரீஆம்ப்

அப்பா திருமங்கலம் பக்கம் முப்பது வருடமாக மைக் செட் போடுகிறவர். எங்கள் ஹாலில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் அவரே அசெம்பிள் செய்தது. பக்கத்துக்கு ஒரு ஜோடி 2என்3055 டிரான்சிஸ்டர், முன்னால் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். வால்யூம் தனியாக ஒரு தகரப் பெட்டியில் இருந்தது, ஆம்புக்கு முன்னால் நிற்கும் ப்ரீஆம்ப் அதுதான். போன ஆடியில் அது கரகரக்க ஆரம்பித்தது. திறந்து சுத்தம் செய்தும் அடங்கவில்லை.

வீட்டில் இப்போது பாட்டு வருவது டிவி, என் லேப்டாப், அம்மாவின் ஃபோன் மூன்றிலிருந்தும்தான். மூன்றுமே டிஜிட்டல். அதனால் டிஜிட்டலை ஸ்பீக்கருக்கான சிக்னலாக மாற்றும் டாக்கும் (DAC) ப்ரீஆம்பும் ஒரே பெட்டியில் இருப்பதாகப் பார்த்தேன். கையில் 15,000 ரூபாய்.

தேட ஆரம்பித்தால் எல்லோரும் சிப்பைப் பற்றியே பேசுகிறார்கள். டாக் சிப் செய்யும் கம்பெனிகளில் ஏகேஎம்மா, ஈஎஸ்எஸ்ஸா? நானும் ஒரு வாரம் அதையே படித்தேன். 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் ஏகேஎம் தொழிற்சாலை எரிந்தது. சிப் தட்டுப்பாட்டில் பல கம்பெனிகள் ஈஎஸ்எஸ் பக்கம் போயின. டாப்பிங் கம்பெனியின் டிஎக்ஸ்3 ப்ரோ என்ற டாக்-ப்ரீஆம்ப் பெட்டியில் ஏகேஎம் சிப், பிறகு வந்த ப்ரோ ப்ளஸ்ஸில் ஈஎஸ்எஸ். என்னைக் கேட்டால், இந்த விலையில் வரும் நல்ல சிப் எதுவானாலும் அதன் குறைகள் எங்கள் ஹால் ஃபேன் சத்தத்துக்குக் கீழேதான்.

முதலில் 5,000 ரூபாய்க்கு ஒரு சின்னப் பெட்டி வாங்கினேன். டாக், வால்யூம் திருகு, ப்ளூடூத் எல்லாம் இருந்தது. பகலில் நன்றாகவே பாடியது. ராத்திரி அம்மா படுத்த பிறகு சத்தத்தைக் குறைத்தேன். திருகின் கோடு, கடிகார முள் மாதிரி சொன்னால், ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் இருந்தது. நடுவில் நின்று பாடிக்கொண்டிருந்தவர் மெதுவாக நகர்ந்து இடது ஸ்பீக்கருக்குள் போய்விட்டார். இன்னும் ஒரு மயிரிழை குறைத்தேன், வலது பக்கம் சுத்தமாக நின்றுவிட்டது. ஒரே தண்டில் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கார்பன் தடங்கள் இருக்கும். மலிவான திருகில் அடிமட்டத்தில் அவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

“சிப்ப விடு பாப்பா. நீ எந்த இடத்துல வச்சு கேப்பேன்னு பாரு. அந்த இடத்துல வால்யூம் ஒழுங்கா இருக்கணும்” என்றார் அப்பா.

சரி என்று கணக்குப் போட்டேன். சாதாரணமாக ஒரு டாக் முழு அளவில் 2 வோல்ட் தரும். எங்கள் ஆம்புக்கு 0.7 வோல்ட் கொடுத்தாலே முழுச் சத்தம் வந்துவிடும். அதனால்தான் எந்தத் திருகை வைத்தாலும் அடிமட்டத்திலேயே கிடக்க வேண்டியிருந்தது.

கடைசியில் டிஎக்ஸ்3 ப்ரோ ப்ளஸ்ஸையே ஒருவரிடம் பழையதாக 13,000க்கு வாங்கினேன். வால்யூம் டிஜிட்டலில் குறைவதால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறது. ஆப்டிகல், கோஆக்சியல், யுஎஸ்பி, ப்ளூடூத் உண்டு. அம்மாவுக்கு முக்கியமான ரிமோட்டும் உண்டு. அனலாக் இன்புட் கிடையாது, அப்பாவின் கேசட் டெக்கை இதில் சொருக முடியாது. கேசட் தினமும் ஓடுகிற வீடு என்றால் ஃபியோ கம்பெனியின் கே7 மாதிரி ஆர்சிஏ (சிவப்பு, வெள்ளை பின்) அனலாக் இன்புட் உள்ளதைப் பாருங்கள்.

டிஜிட்டலில் குறைத்தால் தரம் போகும் என்பார்கள். 6 டெசிபலுக்கு ஒரு பிட் போவது உண்மைதான். ஆனால் 16 பிட் பாட்டு 24 பிட் பாதையில் போகும்போது 48 டெசிபல் வரை இடம் இருக்கிறது. எனக்கு வந்த தொந்தரவு வேறு. ராத்திரி மைனஸ் 55 வரை இறக்கிக் கேட்டேன். பாட்டு குறைந்தது, டாக்கின் சொந்த இரைச்சல் குறையவில்லை. ட்வீட்டர் பக்கத்தில் காதை வைத்தால் மெல்லிய ‘ஸ்ஸ்’.

அப்பா பழைய பிஸ்கட் டப்பாவைத் துழாவி நாலு ரெசிஸ்டர் எடுத்தார். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு கோடு போட்ட 10கே இரண்டு. மஞ்சள், ஊதா, சிவப்பு போட்ட 4.7கே இரண்டு. ஆம்பின் ஆர்சிஏ சாக்கெட்டுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரு 10கே சிக்னல் வழியில் தொடராக, அதன் பின் ஒரு 4.7கே கிரவுண்டுக்கு. பத்து நிமிடத்தில் பற்றவைத்து முடித்தார். 2 வோல்ட் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே வந்தது, அதாவது சுமார் 10 டெசிபல் குறைவு. பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து இறங்கிவிட்டது. கடையில் வாங்கினாலும் நாலும் சேர்த்துப் பத்து ரூபாய் ஆகாது. இதைச் செய்யாமல் இன்னும் விலை கூடிய டாக் தேடியிருந்தால் அந்தப் பணம் வீண்.

அப்புறம், டிவியை ஆப்டிகலில் இணைத்தால் அதன் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) என்பதற்கு மாற்றுங்கள். டால்பியில் இருந்தால் இந்த மாதிரி டாக்குக்குப் புரியாது. உங்கள் பவர் ஆம்பிலும் வால்யூம் இல்லையென்றால், பெட்டி, வால்யூம் வேலை செய்யும் ப்ரீஆம்ப் மோடில்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆம்பை ஆன் செய்யுங்கள். வால்யூம் வேலை செய்யாத டாக் மோடில் இருந்தால் முழு 2 வோல்ட்டும் நேராக ஆம்புக்குப் போய், ஸ்பீக்கரில் முழுச் சத்தம் வரும். மைக் செட்டில் அப்பா வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதுதான்: ஆம்பைக் கடைசியில் போடணும், முதலில் அணைக்கணும்.

மிச்சம் 2,000 ரூபாய் இருக்கிறது. லைன் இன்புட் உள்ள ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கி, கேசட் டெக்கை லேப்டாப்பில் இணைக்கப் போகிறேன். முதலில் ஏற்ற வேண்டியது எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாவில் அப்பா பதிவு செய்த நாகஸ்வரக் கேசட். இரண்டாம் பக்கத்தில் டேப் சுருங்கியிருக்கிறது.