மச்சுப் பலகையும் ஈரத்துணியும்

காரைக்குடியை அடுத்த எங்கள் ஊர் வீட்டில் தரையைச் சுத்தம் செய்வது என்றால் தண்ணீர் விட்டுக் கழுவுவது என்றே பொருள். முற்றத்தைச் சுற்றிய வளவில் நான்கு குடம் தண்ணீரைச் சாய்த்து, தென்னந்துடைப்பத்தால் முற்றத்துச் சலதாரை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனால்தான் வீடு வீடாயிற்று என்று அப்பத்தா ஒப்புக்கொள்வார். ஆத்தங்குடிக் கல்லுக்கு இந்த வழக்கம் ஒத்துப்போகும். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்கிற கல் அது. துடைக்கத் துடைக்க மெருகேறும். மரம் வேறு பிறவி என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஓர் அறையும் கணிசமான பணமும் செலவாயின.

ஆறு ஆண்டுகளுக்கு முன், பட்டாலை என்னும் கூடத்தை ஒட்டிய கீழ் அறை ஒன்றில் தரை பெயர்ந்துபோனபோது, மாறுதலாக இருக்கட்டும் என்று மரத்தரை போடத் தீர்மானித்தேன். கடையில் தேக்கு நிறப் பலகைகளைக் காட்டி, அசல் மரம் என்றே பேசினார்கள். விலையும் சகாயமாக இருந்தது. ஒரே நாளில் பொருத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை காப்பியோடு தரையில் உட்கார்ந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கிளிமூக்கைப் போல வளைந்த ஒரு கணு ஏழு பலகைகளில், ஒரே இடத்தில், ஒரே சாய்வில் இருப்பது கண்ணில் பட்டது. எந்த மரமும் ஒரே கணுவை ஏழு முறை விடாது. மிச்சமிருந்த துண்டை எடுத்து வெட்டுமுகத்தைப் பார்த்தேன். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய அட்டை, அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதன்மேல் கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. லேமினேட். அந்தப் பொங்கலுக்கு வீடு கழுவியபோது வழக்கம்போல அந்த அறைக்கும் தண்ணீர் போயிற்று. பத்து நாளில் பொருத்துகள் எல்லாம் தேனீ கொட்டிய உதடு மாதிரிப் புடைத்து நின்றன. வீங்கிய அட்டை காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. இழைத்துச் சமன் செய்யலாம் என்றால் படம்தான் உரிந்து வரும்.

எனவே மரத்தரை வாங்கப் போகிறவர்கள் மேல்முகத்தைப் பார்ப்பதற்கு முன் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். கடைகளில் மூன்று சரக்குகள் ஒரே பெயரில் விலைபோகின்றன. லேமினேட்டைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது, ‘என்ஜினியர்டு’ எனப்படுவது: அடியில் ஒட்டுப்பலகை, மேலே அசல் மரத்தின் ஏடு. ஒட்டுப்பலகையின் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்படுவதால் ஒன்றின் அசைவை மற்றொன்று பிடித்து நிறுத்தும். முழுப்பலகையைவிட விரிவும் சுருக்கமும் குறைவு. இதில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி மேலேட்டின் கனம். அது 2 மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3-க்குக் கீழே இருந்தால் பிற்காலத்தில் தேய்த்துப் புதுப்பிக்க இடமிருக்காது. மூன்றாவது, 18 முதல் 20 மில்லிமீட்டர் வரை கனமுள்ள முழுப்பலகை. ஒரு பலகையின் விளிம்பில் நாக்கும் அடுத்ததில் அது நுழையும் காடியும் எடுத்துக் கோப்பது. அந்த நாக்கு வெளித்தெரியும் வரையில் பல முறை தேய்த்துப் புதுப்பிக்கலாம் என்பதால் இரண்டு தலைமுறைக்குத் தாங்கும்.

எந்த மரம் என்ற கேள்விக்கு வருகிறேன். விற்பவர்கள் முதலில் கடினத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதியளவு மரத்துக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டியிருக்கிறது என்று அளக்கிற ஜங்கா சோதனையே இதற்கு உலக வழக்கு. அந்தக் கணக்கில் தேக்கு 1,070 பவுண்டை ஒட்டியும், வெள்ளை ஓக் 1,350 பவுண்டை ஒட்டியும் நிற்கின்றன. இதைக் காட்டி ஓக்தான் உயர்த்தி என்று என்னிடம் ஒருவர் வாதாடினார். ஆனால் கடினம் என்பது குழி விழாமல் இருப்பதற்கான அளவு மட்டுமே. ஈரத்துக்கும் வெயிலுக்கும் எவ்வளவு அசைகிறது என்று பார்த்தால் தேக்கின் சுருக்கம் வெள்ளை ஓக்கினுடையதில் ஏறத்தாழ பாதிதான். அதோடு, குளிர்நாட்டு வீடுகளுக்கென்று 6 முதல் 9 சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்தப்பட்ட பலகை நம் ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பத் தொடங்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுகிற நம் வீடுகளில் குழி விழுவதைவிட அசைவுதான் பெரிய தொல்லை; ஆகவே தேக்கு என்பதே என் முடிவு. அதிலும் வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும். கரையான் எளிதில் தொடாததெல்லாம் வைரத்தைத்தான்; வெளிறிய வெள்ளைப் பகுதி தேக்காகவே இருந்தாலும் வண்டரித்து உளுத்துப்போகும்.

பர்மாவிலிருந்து கப்பலேற்றி வந்த தேக்கைத் தூணாகவும் நிலையாகவும் நிறுத்திய ஊர்களில் வாழ்ந்துகொண்டு தேக்குக்கு அலைவது ஒரு வேடிக்கைதான். மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத மரத்தடிகளின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய மரம் கிடைக்கும். ஆனால் அங்கே சாய்த்து வைத்திருக்கும் ஒவ்வொரு உத்திரமும் எங்கோ ஒரு வீடு இடிந்ததன் சாட்சி என்பதால், பேரம் பேச எனக்கு நாக்கு எழுவதில்லை. வாங்குவதானால் பழைய மரத்துக்கு ஒரு நன்மை உண்டு: பல ஆண்டுகளாக இந்தக் காற்றிலேயே உலர்ந்திருப்பதால் திடீரென முறுக்கிக்கொள்ளாது. ஒரு தீமையும் உண்டு, உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணிகள். இழைக்கும் முன் ஒரு காந்தத்தைப் பலகை நெடுக ஓட்டிப் பார்ப்பது நல்லது.

எனக்கு வாங்க வேண்டிய அவசியம் வரவில்லை, ஏனென்றால் மாடியில் மச்சு இருந்தது. சட்டங்களின் மேல் 5 அங்குலப் பலகைகளைப் பாவிய ஒரு சிறிய அறை. நெடுநாள் பாத்திரங்களையும் பெட்டகங்களையும் போட்டு வைத்திருந்தோம். பெட்டகங்களை நகர்த்தியபோது, பலகைகளுக்கு இடையே சீரான இடைவெளி தெரிந்தது. எனக்குக் கீழ் அறையின் நினைவு வந்துவிட்டது. இடைவெளியை அடைத்துவிடலாமா என்று தச்சு ஆசாரியாரிடம் கேட்டேன். “தம்பி, இப்பச் சித்திரை. கார்த்திகையில வந்து பாருங்க, அதுவே கூடிக்கும். இதை அடைச்சீங்கன்னா மழைக்குக் கூன் போட்டுக்கும்” என்றார்.

அவர் சொன்னதைப் பின்னர் கணக்குப் போட்டும் பார்த்தேன். பலகையின் ஈரப்பதம் மழைக்காலத்தில் 14 சதவீதமாக இருந்து கோடையில் 9-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 125 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை குறுக்குவாட்டில் சுமார் 1 மில்லிமீட்டர் சுருங்கும். நீளவாக்கில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம். 12 அடி அகல அறைக்கு 29 பலகைகள். அத்தனை பலகையையும் கோடையில் இறுக்கிப் பொருத்தி, சுவர் வரைக்கும் முட்டவிட்டால், மழையில் அவற்றுக்கு மொத்தமாக 3 சென்டிமீட்டர் இடம் வேண்டியிருக்கும். பக்கத்தில் இடம் இல்லையென்றால் அவை மேல்நோக்கித்தான் எழும். மரத்தூளையும் பசையையும் குழைத்து இடைவெளியில் அப்புகிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் மறந்துவிடுகிறார்கள். மச்சைப் போட்டவர்கள் சுவரோரத்தில் ஒரு விரல் அகலம் விட்டு, அதன்மேல் மரப்பட்டி அடித்து மறைத்திருந்தார்கள்.

புதிதாகப் போடுகிறவர்களுக்கும் இதுவே விதி. சுவரோரம் 10 முதல் 15 மில்லிமீட்டர் விட வேண்டும். பலகைகளைக் கட்டுப் பிரித்து, இடையே ரீப்பர் குச்சி வைத்து அடுக்கி, போடப்போகும் அறையிலேயே ஓரிரு வாரம் கிடக்கவிட வேண்டும். அடித்தளம் சிமெண்டாக இருந்தால், ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் தரை இன்னும் காயவில்லை. எங்கள் பகுதிக்குத் தை, மாசி மாதங்களே ஏற்றவை என்று நினைக்கிறேன், மழையின் ஈரமும் இல்லாமல் கத்திரியின் வறட்சியும் இல்லாமல் மரம் நடுநிலையில் இருக்கும் காலம் அது.

மச்சைத் தேய்க்க நான்கு நாள் ஆயிற்று. மெஷினில் 40-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி, 60, 80, 100 என்று ஏறிப்போக வேண்டும். அவசரப்பட்டு நடுவில் ஓர் எண்ணைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல்கள் பூச்சு பட்டவுடன் பல்லிளிக்கும். கறுத்துப்போயிருந்த மேல்தோல் போனதும் அடியிலிருந்து தேன் நிறம் வந்தது. அறை முழுக்கப் புதுத் தோல்செருப்பின் வாசம். தேக்கை அறுக்கும்போது வருகிற வாசம் அது. மூலையை இழைப்புளியால் எடுத்த ஆசாரியார் அடிக்கடி நிறுத்தி இரும்பைத் தீட்டிக்கொண்டார், ஏனென்றால் தேக்கில் கலந்துள்ள சிலிக்கா எந்த வாயையும் மழுக்கிவிடும். அந்தத் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. மாஸ்க் இல்லாமல் நின்ற எனக்கு முழங்கையெல்லாம் தடித்தது.

பூச்சில்தான் ஆசாரியாரோடு ஒத்துப்போகவில்லை. அவர் பிரெஞ்ச் பாலிஷ் போடலாம் என்றார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுகிற அது பீரோவுக்கு அழகு. தரையில் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றாலே வெள்ளைத் திட்டு விழும். நான் பளபளப்பில்லாத பாலியூரித்தேன் வார்னிஷையே பிடிவாதமாகப் பூசச் சொன்னேன். பளபளப்பு கூடினால் ஒவ்வொரு கீறலும் தெரியும். தேக்கின் எண்ணெய் பூச்சைப் பிடிக்கவிடாது என்பதால், தின்னர் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்த உடனே முதல் பூச்சைக் கொடுத்தோம். மொத்தம் மூன்று பூச்சு. ஜன்னல் கதவுகளுக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் தேய்த்தோம். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியில் காயப்போட்ட பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.

பராமரிப்பில் கடினமான பகுதி மரத்தைப் பழக்குவது இல்லை, வீட்டாரைப் பழக்குவதுதான். மரத்தரைக்கு முதல் எதிரி மண். எங்கள் ஊர்ச் செம்மண்ணில் உள்ள பொடி மணல் காலடியில் சிக்கி உப்புத்தாளின் வேலையைச் செய்யும். ஆகையால் படிக்கட்டின் அடியில் ஒரு மிதியடி, மேலே ஒரு மிதியடி, தினமும் மெல்லிய துடைப்பத்தால் ஒரு பெருக்கல். வாரம் ஒருமுறை துணியைப் பிழிந்து, கையால் தொட்டால் ஈரம் ஒட்டாத அளவில் பலகையின் நீளவாக்கில் துடைக்கலாம். பினாயில், வினிகர், நீராவி மாப் மூன்றும் மாடி ஏறக் கூடாது. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். ஆத்தங்குடிக் கல்லுக்குப் பூசுவதைப் போல இங்கே பூசினால் பூச்சின் மேல் பிசுக்காக நின்று தூசியைப் பிடிக்கும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும். ரப்பர் அடி கொண்ட விரிப்பு பூச்சில் மஞ்சள் கறை விடும். பாய் உத்தமம், அதையும் முதல் சில மாதங்களுக்கு அவ்வப்போது இடம் மாற்றிப் போடுங்கள், வெளிச்சம் பட்ட இடமும் படாத இடமும் இரு நிறமாகிவிடும். ஈர இரும்பு பட்டால் கறுப்புக் கறை விழும். பூஜைச் சாமான் துலக்குவதும் கீழேயே நடக்கிறது.

பூச்சு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்ப்பேன். முத்தாக உருண்டு நின்றால் கவலையில்லை. சில நிமிடங்களில் பரவி மரம் கறுத்தால் அந்த இடத்தில் பூச்சு தேய்ந்துவிட்டது; மரம் வரைக்கும் தேயவிடாமல் அப்போதே 150-ஆம் எண் தாளால் மேலாக உரசி ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் முழுத் தேய்ப்புக்கு அவசியம் வராது. சென்ற மாதம் படியேறும் வாசலுக்கு நேரே இரண்டு பலகைகளில் சொட்டு பரவிவிட்டது. தை கழியட்டும் என்று காத்திருக்கிறேன்.

கீழ் அறையின் லேமினேட்டைப் பெயர்த்தெடுத்துவிட்டு ஆத்தங்குடிக் கல்லே போட்டோம். கல் பதித்து ஈரம் காய்ந்த முதல் வெள்ளிக்கிழமை, அப்பத்தா அந்த அறைக்கு மட்டும் இரண்டு குடம் தண்ணீர் கூடுதலாக விடச் சொன்னார்.