கல்லூரி ரைடரை எப்படி எடைபோடுவது: புரோ கபடி ஏலத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

மாசி, பங்குனித் திருவிழா தொடங்கிவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்புத்தூர் பக்கம் எங்காவது ஓர் ஊரில் ராத்திரி கபடி இருக்கும். மைக்கில் "தம்பி இதோட பதினெட்டுப் பாயிண்டு" என்று சொன்னதும், "இவனைப் புரோ கபடிக்கு அனுப்பலாமே" என்ற பேச்சும் கூடவே எழும். அந்தப் பதினெட்டை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒவ்வொரு புள்ளியும் எதிரே எத்தனை பேர் நின்றபோது வந்தது, போனஸா டச்சா, எடுத்த பிறகு எப்படித் திரும்பினான் என்று பிரித்துப் பார்த்தால்தான் ரைடர் (எதிரணிப் பக்கம் பாடிப் போய்த் தொட்டு வருகிறவன்) யார் என்று தெரியும்.

போனஸிலிருந்து தொடங்கலாம். நடுக்கோட்டிலிருந்து, ரைடர் கட்டாயம் தாண்ட வேண்டிய பாக் லைன் 3.75 மீட்டர், தாண்டினால் ஒரு புள்ளி தருகிற போனஸ் கோடு 4.75 மீட்டர். எதிரே ஆறு பேரோ ஏழு பேரோ இருந்தால்தான் போனஸ் உண்டு. பலர் கவனிக்காத விஷயம், போனஸ் புள்ளிக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற நம் ஆள் உள்ளே வர முடியாது. எதிரணியிலும் ஒருவர் குறைய மாட்டார். டச் எடுத்தால் இரண்டும் நடக்கும். ஸ்கோர் போர்டில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு, ஆட்டத்தில் அப்படி இல்லை.

உதாரணத்துக்கு இரண்டு பையன்கள், ஆளுக்கு 20 ரைடு, 12 புள்ளி. முதல் பையன் 7 போனஸ், 5 டச் எடுத்து 6 தடவை பிடிபட்டான். அடுத்தவன் 3 போனஸ், 9 டச். 3 தடவை பிடிபட்டான். முதல் பையனால் ஐந்து பேர் உள்ளே வந்தார்கள், ஆனால் அவனே ஆறு முறை வெளியே போய் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அணிக்கு முதல் ரைடர் இல்லை; லோனா (அணி முழுவதும் அவுட்டாவது) வாங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். எங்கள் கணக்கில் இரண்டாவது பையன் ஒரு படி அல்ல, மூன்று படி மேலே.

நோட்டில் ஒரு ரைடுக்கு ஒரு வரி போதும். எதிரே நின்றவர்கள் எத்தனை, எத்தனையாவது வினாடியில் முயற்சி, எந்தப் பக்கத்துக் கார்னர் (ஓரத்தில் நிற்பவர்) அல்லது கவர் (உள்பக்கம் நிற்பவர்), போனஸா டச்சா, கையா காலா, முடிவு என்ன. குறைந்தது ஐந்து முழு ஆட்டம் வேண்டும். அதில் ஒன்றாவது தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். வீடியோ எடுப்பவர்கள் பக்கவாட்டில் தரையோடு நிற்கக் கூடாது, கால் மறைந்துவிடும். மூலையில் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் போனை வைத்தால் நடுக்கோடும் போனஸ் கோடும் சேர்ந்து தெரியும்.

மூன்றாவது ரைடைத் தனியாகக் குறித்து வையுங்கள். அணிக்குத் தொடர்ந்து இரண்டு எம்ப்டி ரைடு (புள்ளியே வராத ரைடு) போனால் அடுத்தது டூ ஆர் டை. புள்ளி எடுக்கவில்லை என்றால் ரைடர் வெளியே. அவன் கட்டாயம் உள்ளே வருவான் என்று டிஃபென்ஸுக்குத் தெரியும், காத்திருப்பார்கள். ஒரு ரைடுக்கான 30 வினாடியில் 25 வரை ஆடிக்கொண்டிருந்துவிட்டு கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறானா, அல்லது 12, 15க்குள் ஒரு பொய்யடி காட்டி கார்னரை முன்னால் இழுத்துவிட்டுத் தொடுகிறானா என்று பாருங்கள். மற்ற ரைடுகளில் வருகிற வெற்றி வீதம் இங்கே பாதியாக விழுந்தால் அவனை முதல் ரைடராக யாரும் எடுக்க வேண்டாம். எதிரே மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடிபட்டால் சூப்பர் டேக்கிள், எதிரணிக்கு இரண்டு புள்ளி. அங்கே ஆசை பிடித்து மூலைக்குப் போகிறவன் எத்தனை பெரிய திறமைசாலியாக இருந்தாலும் அணியைக் கவிழ்ப்பான்.

இனி கால். ஒரு டோ டச்சை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வலது காலை கார்னரின் பாதத்தை நோக்கி நீட்டுகிறான். அந்த நொடியில் உடம்புப் பாரம் ஊன்றிய இடது காலில், முழங்கால் மடங்கி, இடுப்பு ஏற்கெனவே நடுக்கோட்டுப் பக்கம் திரும்பியிருந்தால் தொட்ட கையோடு வந்துவிடுவான். பாரம் நீட்டிய காலுக்குப் போய்க் குதிகால் தரையில் பதிந்துவிட்டால், அரை வினாடி நிற்கிறான். ஆங்கிள் ஹோல்டுக்கு (கணுக்காலைப் பிடிப்பதற்கு) அந்த அரை வினாடி தாராளம். கல்லூரி ஆட்டத்தில் இந்தத் தப்புக்குத் தண்டனை கிடைக்காது, கார்னர் தயங்குவான். தொழில்முறைக் கார்னர் தயங்க மாட்டான். பிடிபடும் இடத்தையும் அளவிடுங்கள்: நடுக்கோட்டிலிருந்து 2 மீட்டருக்குள் என்றால் விழுந்து கையை நீட்டியே கோட்டைத் தொடலாம். போனஸ் ஆழத்தில் மாட்டினால் உடைத்துக்கொண்டுதான் வர வேண்டும். புகழ்பெற்ற ரைடர் பர்தீப் நர்வாலின் டுப்கி, கைகோத்து நிற்கிற டிஃபெண்டர்களின் சங்கிலிக்கு அடியில் குனிந்து நுழைகிற வித்தை. குனியும்போதும் அவர் கால் ஓட்டத்தை நிறுத்தியதில்லை என்பதைக் கவனிக்காமல் அதை நகல் எடுக்கிறவர்கள் தலையைக் கொண்டுபோய் கவரின் மடியில் கொடுக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் பையன்களிடம் தனியாகச் சோதிக்க வேண்டியது மண்ணா, மேட் என்கிற விரிப்பா என்பது. செம்மண்ணில் வெறுங்காலோடு ஆடுகிறவன் விரலை ஊன்றிச் சறுக்கி நிற்பான். விரிப்பில் ஷூ சட்டென்று பிடித்துக்கொள்ளும், உடம்பு திரும்பும், முழங்கால் திரும்பாது. ஏசிஎல் (முழங்காலுக்குள் இருக்கிற தசைநார்) கிழிவது இப்படித்தான். இன்னொன்று லாபி. 10 மீட்டர் அகலத்தில் இரு பக்கமும் 1 மீட்டர் லாபி. யாரையும் தொடாமல் அதில் கால் வைத்தால் செல்ஃப் அவுட். ஊரில் சுண்ணாம்புக் கோடு இரண்டாம் பாதியில் அழிந்துபோகும், நடுவரும் விட்டுவிடுவார். போனஸிலும் அதே கதைதான்: முன்கால் கோட்டைத் தாண்டி ஊன்றும்போது பின்கால் காற்றில் இருக்க வேண்டும். இதை ஸ்லோ மோஷனில் பார்த்தால் பல பையன்களின் போனஸ் கணக்கில் கணிசமாகக் குறையும்.

எடைப் பிரிவுப் போட்டிகளை அப்படியே நம்பக் கூடாது. 60 கிலோ போட்டியில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு வருகிறவன், 85 கிலோ வரை அனுமதிக்கிற புரோ கபடியில் அதே வேலையைச் செய்ய முடியாது. இழுத்து எடுத்த புள்ளிகளைக் கழித்துவிட்டு, தொட்டுவிட்டு ஓடிவந்ததை மட்டும் எண்ணுங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகள் இதைவிட நல்ல சாட்சி. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் அதன் உடற்கல்வியியல் கல்லூரியும் இருப்பதால் அந்தத் தரத்து ஆட்டத்தைப் பார்க்க இங்குள்ளவர்கள் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

ஒரு சின்ன மைதானச் சோதனை: நடுக்கோட்டில் நிறுத்தி, போனஸ் கோட்டைக் காலால் தொட்டுத் திரும்பச் சொல்லுங்கள், "கபடி கபடி" என்ற பாட்டோடு. நிமிடத்துக்கு ஒன்றாக 12 முறை. முதல் மூன்றின் நேரத்தையும் கடைசி மூன்றின் நேரத்தையும் ஒப்பிடுங்கள். பிறகு ஒற்றைக் காலில் மெதுவாக உட்கார்ந்து எழச் சொல்லி, முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று இரண்டு காலிலும் பாருங்கள். பழைய வீக்கம், பழைய கட்டு எதையும் மறைக்க விடாதீர்கள். 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்த ரைடர் பவன் செராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசனை இழந்தார். அந்த இடத்தை நிரப்பியது அதே ஆண்டு அறிமுகமான நரேந்தர். 243 ரைடு புள்ளி எடுத்தார், அணி அரையிறுதிக்குப் போனது. ஏலத்தில் பெரிய தொகை பேசப்படும்போது புது இளம் வீரர் பட்டியலை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அணிகளுக்கு வீடியோ அனுப்புகிறவர்கள் பாட்டுப் போட்ட ஹைலைட்ஸை அனுப்பாதீர்கள். ஒரு முழு ஆட்டத்தின் எல்லா ரைடுகளும் வரிசையாக, பிடிபட்டதும் எம்ப்டியும் சேர்த்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஸ்கோரும் எதிரே நின்றவர்கள் எண்ணிக்கையும் போட்டு அனுப்புங்கள். பிடிபட்ட ரைடுகளைத்தான் பயிற்சியாளர் முதலில் திறந்து பார்ப்பார்.