பாட்டு ஓடினால்தான் படிப்பு ஓடுமா?

எங்கள் வேளச்சேரி வீட்டில் தம்பி எப்போதும் ஸ்பீக்கரில் இளையராஜாவை ஓடவிட்டுத்தான் படிப்பான், எனக்கோ பல்லவி காதில் விழுந்ததுமே வாய் தானாகச் சரணத்துக்குப் போய்விடும், படித்துக்கொண்டிருந்த பத்தி அம்போ. தம்பி கலகலப்பானவன், நான் தனிமை விரும்பி; இது வெறும் பிடிவாதம் இல்லை. தனிமை விரும்பிகளின் மூளை இயல்பிலேயே கூடுதல் விழிப்பில் இருக்கிறது, அதனால் கொஞ்சம் சத்தமே அவர்களுக்கு அதிகம் என்றார் உளவியலாளர் ஐசென்க். 1997இல் பர்ன்ஹாம், பிராட்லி என்ற இரு ஆய்வாளர்கள் பாப் பாட்டு ஓடவிட்டுச் சோதித்தபோது, வாசித்துப் புரிந்துகொள்வதில் தனிமை விரும்பிகள்தான் அதிகம் தடுமாறினார்கள். ஆனால் பார்த்ததை உடனே நினைவுபடுத்திச் சொல்லும் சோதனையில் கலகலப்பானவர்களுக்கும் பாட்டு இடைஞ்சல்தான் (தம்பி, கவனி!). சரி, வரிகள் இல்லாத வீணை என்றால் நானும் பொறுத்துக்கொள்வேன். மனப்பாடம் பண்ணும்போது மட்டும் ஹெட்போனைக்கூடக் கழற்றிவிடுடா.