சேருடைய சொற்கள்

"எனக்கு இரசாயனம் தெரியும். சேருடைய சொற்கள்தான் தெரியாது."

முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் கருத்துப் படிவத்தின் அடியில் பென்சிலால் எழுதியிருந்த இரண்டு வரிகள் இவை. எழுதியவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மட்டக்களப்பில் பல ஆண்டுகள் முதலாம் ஆண்டு விஞ்ஞான மாணவர்களுக்கு அடிப்படை இரசாயனவியல் கற்பித்த எனக்கு, மூத்த பேராசிரியர்கள் சொன்ன அறிவுரைகளை விட இந்த இரண்டு வரிகள் அதிகம் கற்பித்தன.

எங்கள் அரையாண்டு பதினைந்து வாரங்கள் கொண்டது. பதின்மூன்றாவது அல்லது பதினான்காவது வாரத்தில் படிவத்தைக் கொடுப்போம். விரிவுரையாளர் நேரத்துக்கு வருகிறாரா, பாடத்தைத் தெளிவாக விளக்குகிறாரா, கேள்வி கேட்க இடம் கொடுக்கிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளியிட வேண்டும். கடைசியில் 'வேறு கருத்துகள்' என்று நான்கு கோடுகள் இருக்கும். பெயர் எழுதத் தேவையில்லை. பெரும்பாலும் வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் அது கைக்கு வரும். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் எல்லாக் கேள்விகளுக்கும் 4 என்று மேலிருந்து கீழாக ஒரே கோடாக வட்டமிட்டுப் போவோர் பலர். தொடக்க ஆண்டுகளில் நானும் சராசரியை மட்டும் பார்த்தேன். நான்குக்கு மேல் இருந்தால் நிம்மதி வரும். குறைந்தால் இரண்டு நாள் மனம் கனத்துக் கிடக்கும். கோடிட்ட இடத்தில் இருப்பதை மேலோட்டமாகப் பார்த்து, கட்டிவைத்துவிடுவேன்.

அங்கே எழுதப்படுவதில் பாதி எல்லா ஆண்டும் ஒன்றுதான். 'நல்ல சேர்.' 'கொஞ்சம் வேகம்.' 'பலகையில் எழுத்து சிறியது, கடைசி வரிசைக்குத் தெரியவில்லை.' 'எட்டு மணிக்கு வகுப்பு வேண்டாம்.' இந்தக் கடைசிக் கோரிக்கையைச் சோம்பல் என்றே நீண்ட காலம் எண்ணியிருந்தேன். விடுதியில் இடம் கிடைக்காமல் கல்முனையிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் நாள்தோறும் இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள் என்பது, வருகைப் பதிவேட்டை ஊர்வாரியாகப் பார்த்த பிறகுதான் உறைத்தது. வகுப்பு ஒன்பது மணிக்கு மாறியது. அது எளிதாகத் தீர்ந்த விடயம்.

'சேருடைய சொற்கள்' அப்படித் தீரவில்லை.

எங்கள் மாணவர்களில் மிகப் பெரும்பாலானோர் க.பொ.த. உயர்தரத்தைத் தாய்மொழியில் எழுதிவிட்டு வருகிறவர்கள். பல்கலைக்கழகத்தில் முதல் நாளிலிருந்து விஞ்ஞானம் ஆங்கிலத்தில். கரைசலில் திண்மமாகப் பிரிந்து படியும் வீழ்படிவு என்றால் என்ன என்று வாகரையில் படித்த பிள்ளைக்கும் தெரியும், கண்ணாலும் பார்த்திருப்பார். நான் 'பிரெசிப்பிற்றேற்' என்று சொல்லிக்கொண்டு பலகையில் சமன்பாட்டை எழுதும்போது, தனக்குத் தெரிந்த பொருளைப் பற்றித்தான் பேசுகிறேன் என்பது அவருக்கே தெரியாமல் போகிறது. மின்னெதிர்த்தன்மை, ஒட்சியேற்றம், நியமிப்பு என்று இரண்டு ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த செல்வத்தையெல்லாம் வாசலில் வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வரச் சொல்கிறோம். பிறகு 'அடிப்படை போதாது' என்று ஆசிரியர் அறையில் நாங்களே பேசிக்கொள்கிறோம். நானும் அப்படிப் பேசியவன்தான். அதை இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அந்தப் படிவத்தைப் படித்த அடுத்த அரையாண்டில், கடினமான இடங்களைத் தமிழில் விளக்கத் தொடங்கினேன். வகுப்பில் முகங்கள் மலர்ந்தன. எனக்கும் பெருமிதமாக இருந்தது. அரையாண்டு முடிவில் வந்த படிவங்களில் ஒன்று, கவனமாகக் கோர்த்த ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. 'சேர் தமிழில் விளக்கும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நாங்கள் ஏழு பேர் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதுதான் முக்கியமான இடம் என்று மட்டும் எங்களுக்குத் தெரிகிறது.' தெற்கிலிருந்து வந்திருந்த சிங்கள மாணவர் ஒருவருடைய கருத்து அது. ஒரு கதவைத் திறந்தபோது இன்னொன்றை நானே அடைத்திருந்தேன். அன்று மாலை அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

தீர்வு என் மூளையில் உதித்ததல்ல, மாணவர்களிடமிருந்தே வந்தது. ஆய்வுகூடத்தில் ஒரு தமிழ் மாணவியும் ஒரு சிங்கள மாணவரும் ஒரே மேசையில் நின்று, தங்கள் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று மொழியிலும் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதையே முழு வகுப்பின் வேலையாக்கினேன். வாரத்துக்கு இருபது சொற்கள், மூன்று நிரல்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். புதிய சொல் வரும்போது நின்று, மூன்று மொழியிலும் சொல்லிவிட்டு நகர்வோம். சிங்களச் சொல்லை நான் உச்சரிக்கும் விதத்தை அவர்கள் திருத்துவார்கள். காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைத் தமிழ் அறிஞராகத்தான் எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தவர், 1920 இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், தமிழில் கலைச்சொற்கள் ஆக்கும் பணியில் உழைத்தவர் என்று சொன்னபோது பின்வரிசையில் சலசலப்பு அடங்கியது. நம் ஊர்க்காரர் ஒருவர் முன்பே சுமந்த சுமைதான் இது.

சொல் தெரிந்துவிட்டால் பொருள் விளங்கிவிடுமா? இதற்கு விடை எனக்கு இன்னொரு படிவக் கட்டிலிருந்து கிடைத்தது. அந்த ஆண்டு கருத்துகள் எல்லாம் புகழ்மாலை. 'மிகத் தெளிவு', 'எல்லாம் விளங்கியது', 'சேர் படிப்பித்தால் ரியூசன் தேவையில்லை.' அந்த மகிழ்ச்சியோடு இறுதிப் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். கணக்குகளைப் பெரும்பாலோர் சரியாகச் செய்திருந்தார்கள். ஆனால் ஒரு சிறு கேள்வியில் சறுக்கியிருந்தார்கள்: கொதிக்கும் நீரில் எழும் குமிழிகளுக்குள் இருப்பது என்ன? காற்று என்றார்கள் பலர். ஐதரசனும் ஒட்சிசனும் என்று எழுதியோரும் இருந்தார்கள். அது நீராவிதான், நீர் மூலக்கூறு உடையாமலே வாயுவாகிறது என்று எழுதியவர்கள் சிலரே. அதே தாளில் அவர்கள் நீரை ஆவியாக்கத் தேவையான வெப்பத்தை, அதாவது ஆவியாக்கல் வெப்பவுள்ளுறையை, தசமதானம் வரை பிழையின்றிக் கணித்திருந்தார்கள்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அலெக்ஸ் ஜோன்ஸ்ரன் இதை 1991 இல் ஒரு முக்கோணமாக வரைந்து காட்டினார். கண்ணுக்குத் தெரியும் பொருள் ஒரு முனை. கண்ணுக்குத் தெரியாத அணுவும் மூலக்கூறும் மற்றொரு முனை. குறியீடும் சமன்பாடும் மூன்றாவது. இரசாயன ஆசிரியர் ஒரே வாக்கியத்துக்குள் மூன்றுக்கும் தாவுகிறார், புதிதாகக் கற்பவரால் ஒரே நேரத்தில் மூன்றையும் தாங்க முடிவதில்லை. என் விரிவுரை அந்த மூன்றாவது முனையில் மட்டும் மினுங்கியிருக்கிறது. மாணவர் 'விளங்கியது' என்று எழுதியது பொய்யல்ல, என் எழுத்தோட்டம் அவர்களுக்கு விளங்கியது. குமிழிக்குள் நான் அவர்களை அழைத்துப் போகவே இல்லை.

ஆகவே முறையை மாற்றினேன். அரை மணி நேரம் மட்டும் விரிவுரை. மீதி நேரம் நான்கு பேர் கொண்ட குழுக்கள், ஒரு கேள்வி, வாக்குவாதம். மூலக்கூறுகளை வட்டங்களாக வரைந்து காட்ட வேண்டும். அந்த அரையாண்டில் என் புள்ளி சரிந்தது. '4.4' இலிருந்து '3.6'. 'சேர் முன்பு நன்றாகப் படிப்பித்தார் என்று மூத்த மாணவர்கள் சொன்னார்கள். இப்போது எங்களையே செய்யச் சொல்கிறார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'விரிவுரையாளர் தன் வேலையை எங்களிடம் தருகிறார்' என்றார் இன்னொருவர். குமிழிக் கேள்வியை வேறு வடிவில் அதே ஆண்டுப் பரீட்சையில் வைத்தேன். விடைகள் முன்னைவிட எவ்வளவோ மேல். இரண்டு தாள்களையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். எதை நம்புவது என்ற குழப்பம் நீண்ட நாள் இருந்தது. பின்னர் 2019 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அறிமுகப் பௌதிகவியல் வகுப்புகளில் செய்த ஆய்வைப் படித்தேன். தாமே ஈடுபட்டுக் கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்களுக்கோ நேர்மாறு. முயன்று தடுமாறும்போது வரும் களைப்பை, விளங்காமை என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

இதைக் காரணம் காட்டி மாணவர் கருத்து பயனற்றது என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படமாட்டேன். தான் எவ்வளவு கற்றேன் என்று அளந்து சொல்ல மாணவரால் முடியாமல் இருக்கலாம். எந்த இடத்தில் வழி தவறினேன் என்பதை அவரைப் போல் சரியாகச் சொல்ல வேறு யாராலும் முடியாது. அந்த நான்கு கோடுகளில் எழுதப்பட்டவற்றில் என்னைப் புகழ்ந்தவையும் இகழ்ந்தவையும் மறந்து போயின. இடத்தைக் காட்டியவை நிற்கின்றன.

அப்படிக் காட்டிய இரண்டு கருத்துகள் ஒரே கட்டில் வந்தன. ஒன்று: 'மஞ்சளையும் சுண்ணாம்பையும் கலந்து ஆலாத்தி எப்படிச் சிவக்கிறது என்று சேர் காட்டிய நாள் மட்டும் நினைவிருக்கிறது.' ஐந்து நிமிடச் செயல் அது, நிறம் மாறி அமிலத்தையும் காரத்தையும் காட்டிக்கொடுக்கும் காட்டிகள் பற்றிய பாடத்தில் போகிற போக்கில் செய்தது. மற்றது: 'பதினைந்து வாரம் முன்வரிசையில் இருந்தேன். சேர் என் பெயரை ஒருமுறையும் கேட்கவில்லை.' எனக்கு மாணவர்களின் பதிவு இலக்கங்கள் தெரியும், பெயர்கள் தெரியாது. முன்வரிசையில் இருந்த பெண் பிள்ளைகள் எட்டுப் பேரின் முகங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். முடியவில்லை.

அடுத்த தொகுதிக்கு ஆய்வுகூடப் பயிற்சியை மாற்றினேன். முன்பெல்லாம் நாங்கள் தயாரித்து வைத்த உப்புக் கரைசலைக் கொடுத்து, அதிலுள்ள குளோரைட்டை நியமிக்கச் சொல்வோம், அதாவது செறிவு தெரிந்த இன்னொரு கரைசலைத் துளித்துளியாக விட்டு அதன் அளவைக் காணச் சொல்வோம். விடை எங்கள் கொப்பியில் இருக்கும், அதனோடு ஒத்துப்போனால் சரி. அதை நிறுத்திவிட்டு, வார இறுதியில் வீட்டுக்குப் போய் வரும்போது ஆளுக்கு ஒரு போத்தல் கிணற்று நீர் கொண்டுவரச் சொன்னேன். போத்தலில் பெயர், ஊர், கிணற்றின் ஆழம், கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுதி ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை ஆய்வுகூட மேசைகளில் கிழக்கு மாகாணத்துக் கிணறுகள் வரிசையாக நின்றன. கல்லாறு, திருக்கோவில், அக்கரைப்பற்று, ஏறாவூர், நாவலடி, வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலை. மொனராகலையிலிருந்து ஒரு போத்தலும் வந்திருந்தது.

அளவி என்ற அளவுக் குழாயில் வெள்ளி நைத்திரேற்று. கூம்புக் குடுவையில் கிணற்று நீரும் சில துளி பொற்றாசியம் குரோமேற்றும், எலுமிச்சை மஞ்சளாக. துளி விழ விழ வெள்ளி குளோரைட்டு பால்போல் வீழ்படிகிறது. குளோரைட்டு முழுவதும் தீர்ந்த பிறகுதான் வெள்ளி குரோமேற்றின் செங்கல் நிறம் தோன்றி, குலுக்கினாலும் மறையாமல் நிற்கும். அதுதான் முடிவுப் புள்ளி. 25 மில்லிலீற்றர் நீருக்கு 0.02 மூலர் செறிவுள்ள வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் 10 மில்லிலீற்றர் செலவானால், லீற்றருக்கு ஏறத்தாழ 284 மில்லிகிராம் குளோரைட்டு. 250 ஐத் தாண்டினால் நாக்குக்கு உவர்ப்புத் தெரியத் தொடங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. மூல் கணக்கு என்றாலே முகம் சுருங்கும் பிள்ளைகள் அன்று மூன்று முறை திரும்பச் செய்தார்கள். விடை எங்கள் கொப்பியில் இல்லை, அவர்கள் வீட்டு முற்றத்தில் இருந்தது.

திருக்கோவில் மாணவி அளவியில் இருந்த கரைசல் முழுவதும் தீர்ந்தும் நிறம் மாறவில்லை என்று கையை உயர்த்தினார். பிழை செய்துவிட்டோம் என்ற பயம் அவருக்கு. நீரை ஐந்து மடங்கு ஐதாக்கி மீண்டும் செய்தோம். அப்போது சொன்னார், "சேர், சுனாமிக்குப் பிறகு அம்மம்மா அந்தத் தண்ணீரில் தேநீர்கூட வைப்பதில்லை." 2004 டிசம்பர் 26 அன்று கடல் இந்தக் கரையோரக் கிணறுகளையெல்லாம் நிரப்பிவிட்டுப் போனது. மணலுக்கடியில் நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அதை அவசரப்பட்டு அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். எரிகிற பொருளும் வெடிக்கிற பொருளும் காட்டிப் பிடிக்க முடியாத அமைதி அன்று அந்த அறையில் இருந்தது. சொல்லும், மூலக்கூறும், சமன்பாடும் ஒரே போத்தலுக்குள் கிடந்தன.

ஓய்வு பெற்ற பின் ஒரு மாலை கல்லடிப் பாலத்தில் நடந்துகொண்டிருந்தேன். ஓர் இளம் பெண் கைக்குழந்தையோடு நின்று, "சேர், என்னை ஞாபகம் இருக்கிறதா?" என்றார். நான் தயங்குவதைக் கண்டு, தன் பதிவு இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் எனக்கு நினைவு வந்துவிட்டது. "களுவாஞ்சிகுடி," என்றேன், "பன்னிரண்டடிக் கிணறு. கடலிலிருந்து கால் மைல். இப்போது தண்ணீர் எப்படி இருக்கிறது, பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, அவருடைய பெயரையும் சொன்னேன்.