லெதர் பவளம் விரிந்தது: இரண்டடி ரீஃப் தொட்டிக்கு விளக்கை மறுபடியும் அளந்து பொருத்திய அனுபவம்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை, விளக்கு எரியத் தொடங்கிய அரை மணி நேரத்தில், என் கடல்நீர்ப் பவளத் தொட்டியில் உள்ள லெதர் பவளம் என்ற மென்பவளம் தன் குடை முழுவதும் பாலிப்புகளை (பூப்போன்ற சிறு உயிர்முனைகளை) நீட்டி விரிந்து நின்றது. ஒன்பது வாரங்களாகச் சுருங்கிக் கிடந்த உயிர் அது. முதல் பத்து நாள்கள், மேல்தோலில் மெழுகுபோலப் படலம் கட்டி உரிக்கும் வழக்கமான பருவம் என்று நினைத்துக் காத்திருந்தேன். உரித்த பின்னும் விரியவில்லை. பக்கத்துப் பாறையில் இருந்த சோவாந்தஸ் என்ற பொத்தான் வடிவ உயிர்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, பழுப்பு நிறம் வடிந்து வெளுத்தபோதுதான் கோளாறு ஒளியில் இருக்கிறது என்று புரிந்தது. உப்புச்செறிவும் வெப்பமும் நைட்ரேட்டும் எப்போதும்போல்தான் இருந்தன.

தொட்டி 60 x 40 x 40 சென்டிமீட்டர். சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மென்பவளங்களும் மஷ்ரூம் பவளங்களும் சோவாந்தஸ்களும் மட்டுமே வைத்திருக்கிறேன். கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் அவற்றை நான் தொடுவதில்லை. யாராவது விற்க வந்தாலும் வாங்காதீர்கள் என்று இங்கே அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

தவறு எங்கே நடந்தது என்பதை விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் இதே வழியில் பலர் போகிறார்கள். பழைய டி5 குழல்களை எடுத்துவிட்டு, நீலம், வெள்ளை என இரு தடங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய 90 வாட் எல்இடி விளக்கு ஒன்றை மாட்டினேன். கைபேசியில் உள்ள லக்ஸ் செயலியை வைத்து ஒளியைச் சரிபார்த்தேன். நீலத்தை முழுதாக ஏற்றி வெள்ளையை 20 சதவீதத்துக்குக் குறைத்ததும் செயலி காட்டிய எண் மூன்றில் ஒன்றாகச் சரிந்தது. ஒளி போதவில்லை என்று முடிவுகட்டி, விளக்கை நீர்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு இறக்கிவிட்டேன்.

லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு. நம் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் அதிகம் கூர்மை கொள்கிறது. 450 நானோமீட்டர் நீலத்தை அந்த அளவுகோல் ஏறத்தாழ 4 சதவீதமாகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும். பவளத்தின் திசுவுக்குள் வாழும் பாசியோ அந்த நீலத்தைத்தான் விரும்பி உண்கிறது. ஆகவே கருவி குறைவு என்று சொன்ன இடத்தில் பவளம் வெந்துகொண்டிருந்தது. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களை எண்ணிச் சொல்லும் ‘பார்’ (PAR) அளவுதான் நமக்கு வேண்டியது. அதிலும் நீலத்தைக் குறைத்துக் காட்டாத கருவியாக இருக்க வேண்டும்.

நண்பர் ஒருவர் தம்முடைய அப்போஜி நிறுவனத்து பார் மீட்டரை இரண்டு நாள்களுக்குக் கொடுத்து உதவினார். தொட்டியின் மேல்பரப்பை நூல் கட்டிப் பத்துப் பத்து சென்டிமீட்டராக 24 கட்டங்களாகப் பிரித்து, நீருக்குள் மூன்று ஆழங்களில், மொத்தம் 72 இடங்களில் அளந்தேன். சுற்றுநீர் பம்பை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். நீர்ப்பரப்பு அசைந்தால் எண் ஒரு நிலையில் நிற்காது. லெதர் பவளம் அமர்ந்திருந்த பாறை உச்சியில் 310 வந்தது. அதே ஆழத்தில் வலது முன்மூலையில் 22. மென்பவளங்களுக்கு 50 முதல் 120 வரை போதும் என்றிருக்க, நான் நடுவில் மும்மடங்கு கொட்டிக்கொண்டிருந்தேன், ஓரத்திலோ பட்டினி போட்டிருந்தேன். எல்இடிகளின் மேல் இருந்த 60 பாகை லென்சுகளே இதற்குக் காரணம். ஆழமான தொட்டிக்கு அவை ஏற்றவை. 40 சென்டிமீட்டர் உயரமுள்ள தொட்டியில் அவை டார்ச் அடித்ததுபோல் ஒரே இடத்தில் ஒளியைக் குவிக்கின்றன.

லென்சுகளைக் கழற்றி, விளக்கை 30 சென்டிமீட்டருக்கு உயர்த்திய பின் உச்சியில் 115, மூலையில் 45 என்று வந்தது. உயர்த்தித் தொங்கவிடுவதற்கான தாங்கியை ரெயிலிங் செய்யும் பட்டறையில் வளைத்து வாங்கினேன். அங்கே கேட்காவிட்டால் 202 ரக எவர்சில்வர் குழாயைத்தான் போடுவார்கள். உப்புநீர் தெறிக்கும் இடத்துக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும், 316 ரகம்தான் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். உயரம் கூடியதால் கூடத்துக்குள் ஒளி வழிகிறது என்பது உண்மை. ஆனால் மே மாதத்தில் நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்று தடையின்றிப் பாய்கிறது, ஆவியாதலால் நீரும் குளிர்கிறது.

புதிய அமைப்பிலும் நேரடியாக முழு ஒளியைத் தரவில்லை. வெளுத்த பவளத்தில் பாசி குறைந்திருப்பதால், 40 சதவீதத்தில் தொடங்கி வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டினேன். ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம். மூன்றாம் வாரம் சோவாந்தஸ்கள் திறந்தன. இன்னொன்றையும் அந்த மீட்டர் காட்டிக்கொடுத்தது. ஒரு வாரம் துடைக்காமல் விட்ட விளக்கின் கண்ணாடியில் உப்பு வெண்மையாகப் படிந்திருந்தது. ஆர்ஓ நீரில் நனைத்த துணியால் துடைத்ததும் 103 என்றிருந்த எண் 115க்கு ஏறியது. இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைக்கிறேன்.

விளக்கு விற்றவரிடம் ஒரு குறை உண்டு. லென்சின் கோணத்தைக் கேட்டபோது "மரைனுக்கு உள்ளதுதான்" என்றாரே தவிர, எண்ணைச் சொல்லவில்லை. சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூர்ப் பக்கம் வாங்கப் போகிறவர்கள் வாட்டைக் கேட்பதற்கு முன் கோணத்தைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், வெள்ளைச் சுவரில் அரை மீட்டர் தள்ளி அடித்துப் பார்த்தாலே வட்டம் எவ்வளவு விரிகிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்ததாகச் சம்ப்பில் (நீரை வடிகட்டும் துணைத் தொட்டியில்) ஒரு பகுதியைத் தடுத்து, நீரின் நைட்ரேட்டை உறிஞ்சும் கீட்டோ பாசி வளர்க்கச் சிவப்பு மிகுந்த சிறிய விளக்கொன்றை இரவு நேரத்தில் மட்டும் எரியவிட எண்ணியிருக்கிறேன். அதற்கான தடுப்புக் கண்ணாடிகூட வெட்டி வந்துவிட்டது. ஆனால் மேல்தொட்டியில் இடது பின்மூலை இன்னும் 38லேயே நிற்கிறது. அந்த இடத்துக்கு மஷ்ரூம்களை மாற்றிவிட்டேன். அங்கே அவை இரண்டே நாளில் அகலமாக விரிந்துவிட்டதால், மூலையின் ஒளியைக் கூட்டும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.